லென்ஸின் இடது ஓரம்

அந்தக் கோடையில் என் பிழைப்பு ஒரே ஒரு லென்ஸில் வந்து நின்றது. சின்ன கேமராக்கள் இரண்டையும் விற்றுவிட்டு, யாரோ பயன்படுத்திக் கைவிட்ட, ஃபுல் ஃப்ரேம் என்கிற பெரிய ரக கேமரா ஒன்றை வாங்கியிருந்தேன். இருந்த லென்ஸ்களோ சின்ன கேமராவுக்கானவை. இதில் மாட்டினால் படத்தின் நான்கு மூலைகளிலும் கறுப்பு அப்பிக்கொள்ளும். புதிதாக ஒன்று வாங்கியே ஆகவேண்டும், ஒன்றுக்கு மேல் வாங்கவும் வக்கில்லை. வைகாசி முகூர்த்தங்களுக்குள் அது கைக்கு வராவிட்டால் பேசிவைத்த கல்யாணங்களெல்லாம் வேறு ஆளிடம் போய்விடும்.

திருத்தணியில் படம் எடுத்துப் பிழைப்பவனுக்கு மலைதான் சோறு போடுகிறது. நாங்கள் ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிற குடும்பம். ஆனாலும் வருஷத்து முகூர்த்த நாளெல்லாம் எனக்கு மனப்பாடம். மலைமேல் கல்யாணம் என்றால் ஆற அமர எடுக்க முடியாது. தாலி கட்டும் இடத்தில் முழங்கை இடிக்கிற நெருக்கம், அரை இருட்டு. வெளியே வந்தால் கண்ணைக் கூசும் வெயில், படிக்கட்டில் இரண்டு வீட்டுச் சொந்தங்களும் வரிசை கட்டி நிற்கும். காதுகுத்து என்றால் தாய்மாமன் மடியில் குழந்தை வீறிடும் அந்த ஒரு நொடிதான். லென்ஸ் மாற்றிக்கொண்டிருந்தால் குழந்தை அழுது முடித்துத் தூங்கிவிடும்.

ஆக, எல்லா வேலைக்கும் ஒரே லென்ஸ், அதுவும் விலை குறைவாக. கொஞ்ச நாள் யூடியூபிலேயே குடியிருந்தேன். ஐம்பது மில்லிமீட்டர் லென்ஸ் மலிவு, இருட்டிலும் நன்றாக எடுக்கும். ஆனால் ஜூம் கிடையாது. படிக்கட்டில் நிற்கும் அத்தனை பேரையும் அதில் அடக்க வேண்டுமென்றால் நான் பின்னால் நகர்ந்து நகர்ந்து சரவணப் பொய்கைக்குள்தான் விழவேண்டும். இருட்டுக்கும் ஈடுகொடுக்கும் பெரிய ஜூம் லென்ஸ் என் கைக்கு எட்டாது. மிஞ்சியது இருபத்துநான்கிலிருந்து நூற்றைந்து வரை போகிற நடுத்தர ஜூம். இருட்டில் கொஞ்சம் திணறும். ஆனால் கூட்டத்தையும் அடக்கலாம், தூரத்தில் நின்று பெண்ணின் கண்ணீரையும் பிடிக்கலாம். இதைப் பற்றிப் பேசிய யூடியூப்காரர்களெல்லாம் பனிமலையையும் காபிக் கோப்பையையும் எடுத்துக் காட்டினார்கள். வியர்த்து வழிகிற மாப்பிள்ளையை ஒருத்தன்கூட எடுக்கவில்லை. எரிச்சல்தான் வந்தது.

சென்னையில் பழைய கேமரா சாமான் விற்கும் ஒருவனிடம் அந்த லென்ஸை வாங்கினேன். பிடிக்காவிட்டால் ஒரு வாரத்துக்குள் மாற்றித் தருவதாகச் சொன்னான்.

எங்கள் ஊர்ப் படக்காரர்கள் புது லென்ஸைச் சோதித்துப் பார்க்கும் இடம் பேருந்து நிலையம். நிற்கிற பேருந்துகளை எல்லாம் ஒரே படத்தில் அடக்கி எடுப்பார்கள். பிறகு ஓரத்துப் பேருந்தைப் பெரிதாக்கி, பலகையில் இருக்கும் தமிழ் எழுத்தும் தெலுங்கு எழுத்தும் தெளிவாக இருக்கிறதா என்று பார்ப்பார்கள். நான் அப்படிப் பெரிதாக்கிப் பார்க்கிற ஆள் இல்லை. கல்யாண வீட்டில் யாரும் பூதக்கண்ணாடி வைத்துக்கொண்டு ஆல்பம் புரட்டுவதில்லை. வெயிலில் பின்பக்கத் திரை சரியாகத் தெரியாது என்பதால், வியூஃபைண்டருக்குள் வலது கண்ணைப் பதித்து, எடுத்த படத்தை அதற்குள்ளேயே வரவழைத்து, நடுவில் பார்த்தபடியே முழுசையும் ஒரு பார்வையில் வாங்கிக்கொள்வேன். ஊரில் இதை என் திமிர் என்பார்கள். நான் திறமை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

பேருந்து நிலையத்தில் எடுத்த படத்தை அப்படிப் பார்த்தபோது வலது ஓரம் பளிச்சென்று இருந்தது. இடது ஓரத்தில் பள்ளிப்பட்டு பேருந்து நின்ற இடம் மட்டும் சாம்பல் பூசினதுபோல் கலங்கியிருந்தது. லென்ஸைத் துடைத்துவிட்டு மறுபடி எடுத்தேன். அப்போதும் அதே கலங்கல். எவனோ கீழே போட்ட லென்ஸை என் தலையில் கட்டிவிட்டான் என்று அங்கேயே வாய்விட்டுத் திட்டினேன்.

எங்கள் தொழிலில் எடுப்பது நான், கம்ப்யூட்டரில் உட்கார்ந்து ஆல்பமாக அடுக்குவது என் மனைவி. அவள் அந்தப் படத்தைப் போட்டுப் பார்த்தாள்.

“நல்லாத்தானே கீதுங்க? போர்டுல எழுத்து எழுத்தா தெரியுது.”

“நீ பாக்கறது கம்ப்யூட்டர்ல. நான் பாக்கறது கேமராவுல. உனுக்கு லென்ஸப் பத்தி இன்னா தெரியும்?”

அவள் படத்தை மூடிவிட்டு ஆல்ப வேலைக்குத் திரும்பினாள். மறுநாளே ரயிலேறிப் போய் லென்ஸை மாற்றிக்கொண்டு வந்தேன்.

இரண்டாவதிலும் அதே இடது ஓரம், அதே சாம்பல். இந்த முறை கடைக்காரனிடம் போனிலேயே நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டேன். அவனும் சளைக்கவில்லை.

“சார், உங்க ஊர்ல இன்னா எல்லா பஸ்ஸும் புகையிலயா நிக்குது? மூணாவது ஒண்ணு தரேன். இதோட கட். அப்புறம் வாபஸ் பேச்சே எடுக்கக்கூடாது.”

மூன்றாவது வந்தது. பார்க்கப் புத்தம் புதிதுபோல இருந்தது. மொட்டைமாடியில் நின்று மலையைப் பார்த்தேன். கோபுரம் தெளிவாக இருந்தது. இடது பக்கம் மட்டும் மரமும் பாறையும் கலங்கி ஒன்றாகிக் கிடந்தன. காசும் போயிற்று, முகூர்த்தமும் நெருங்கிவிட்டது.

விட்டேனா பார் என்று அவனுக்கு ஆதாரத்தோடு காட்ட நினைத்தேன். அதற்கு ஒரு வழி உண்டு. கேமராவை அப்படியே செங்குத்தாகத் திருப்பிப் பிடித்தால், லென்ஸின் இடது பக்கம் மேலேயோ கீழேயோ போய்விடும். குறை லென்ஸில் இருந்தால் கலங்கலும் அதோடு சேர்ந்து மேலேயோ கீழேயோ போகவேண்டும்.

திருப்பிப் பிடித்தேன். கலங்கல் நகரவில்லை. இடது பக்கத்திலேயே இருந்தது.

எதிர்ப்பக்கமாகத் திருப்பினேன். அப்போதும் இடது பக்கம்தான். கேமராவை எப்படித் திருப்பினாலும் அது மட்டும் அசையாமல் நின்றது. இத்தனை வருஷத் தொழிலில் ஒரு தடவைகூட வைத்துப் பார்த்திராத இடது கண்ணை வியூஃபைண்டரில் வைத்தேன். மரம் மரமாகவும் பாறை பாறையாகவும் இருந்தது. வலது கண்ணுக்கு மாற்றினேன். மறுபடி சாம்பல்.

கேமராவைக் கீழே வைத்துவிட்டு இடது கண்ணைக் கையால் பொத்திக்கொண்டு மாடியைச் சுற்றிப் பார்த்தேன். எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் கொடியில் காய்ந்த புடவை, தலையைத் திருப்பினால் ஒழியத் தெரியவில்லை. இரண்டு கண்ணையும் திறந்தால் எல்லாம் இருந்தது. ஒரு கண் விட்டதை இன்னொரு கண் இட்டு நிரப்பிக்கொண்டே வந்திருக்கிறது. பழைய கேமராக்களின் சின்ன வியூஃபைண்டரில் ஓரத்தை நான் சோதித்துப் பார்த்ததே இல்லை. எனக்குப் பயமாக இருந்தது. வேறெப்படியும் அதைச் சொல்லத் தெரியவில்லை.

மனைவிக்கு ஒரு ஆல்பம் முடித்துத் தரவேண்டிய அவசரம் இருந்ததால் கண் ஆஸ்பத்திரிக்குத் தனியாகவே போனேன். ஒரு இயந்திரத்துக்குள் தலையை வைக்கச் சொன்னார்கள். நடுவில் இருக்கும் புள்ளியையே பார்க்க வேண்டும், சுற்றி எங்கே வெளிச்சம் மின்னினாலும் கையிலிருக்கும் பொத்தானை அழுத்தவேண்டும். வலது கண்ணுக்கு வைத்தபோது நெடுநேரம் ஒன்றுமே மின்னவில்லை. இயந்திரம் நின்றுவிட்டதா என்று கேட்டேன். அங்கிருந்த பெண், புள்ளியையே பாருங்கள் என்றாள்.

டாக்டரம்மா பொறுமையாகத்தான் சொன்னார். கண்ணுக்குள் அழுத்தம் கூடி நரம்பு செத்திருக்கிறது. பேர் கிளாக்கோமா. வலியே இல்லாமல் வரும். போன பார்வை திரும்பாது. இடது கண்ணிலும் தொடங்கியிருக்கிறது. காலத்துக்கும் சொட்டுமருந்து விட்டால் மிச்சத்தைப் பிடித்துவைக்கப் பார்க்கலாம். எல்லாம் சொல்லி முடித்து, கடைசியாக இன்னொன்றும் சொன்னார்.

“ஒரு வருஷம் முன்னாடி வந்திருந்தீங்கன்னா வலது கண்ணுல பாதிக்கு மேல காப்பாத்தியிருக்கலாம்.”

வீட்டுக்கு வந்து மனைவியிடம் நோயின் பேரையும் சொட்டுமருந்தையும் சொன்னேன். அவள் மருந்துப் புட்டியை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அந்த நேரம் பார்த்துக் கடைக்காரன் கூப்பிட்டான்.

“இன்னா சார், சத்தத்தயே காணோம்? இதுலயும் எதனா கோளாறா?”

“இல்லப்பா. லென்ஸ் நல்லா கீது.”

“பாத்தீங்களா? மொதல்லயே சொன்னேன், லென்ஸ்ல ஒண்ணும் இல்லன்னு. நீங்கதான் காதுல வாங்கல.”

“ஆங்” என்றேன். அவன் சிரித்துக்கொண்டே போனை வைத்தான்.

மனைவி எழுந்துபோய்க் கம்ப்யூட்டரைத் திறந்தாள். ஒரு காதுகுத்துப் படத்தைப் போட்டாள், போன வருஷம் நான் எடுத்தது. குழந்தை இருந்தது, ஆசாரி இருந்தார், அத்தைமார்கள் இருந்தார்கள். குழந்தையை மடியில் வைத்திருந்த தாய்மாமன் படத்தின் இடது ஓரத்தில் பாதி முகத்தோடு வெட்டுப்பட்டிருந்தான்.

“ஆல்பத்துல முழுசா இருந்தானே?” என்றேன்.

“வேற படத்துலர்ந்து எடுத்து ஒட்டினேங்க. இது ஒண்ணு மட்டும் இல்ல. கொஞ்ச நாளாவே கூட்டமா எடுத்தீங்கன்னா அந்தப் பக்கம் யாராச்சும் வெட்டுப்பட்டுத்தான் நிப்பாங்க. நான்தான் சரிபண்ணிகினு வந்தேன்.”

“ஏன் சொல்லல?”

“சொன்னா கத்துவீங்க.”

கத்தியிருப்பேன். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அவள் திரையைப் பார்த்தபடியே இருந்தாள். என் பக்கம் திரும்பாமலேயே கேட்டாள்.

“அப்பவே சொல்லியிருந்தா சரியாயிருக்குமா? டாக்டரம்மா எதனா சொன்னாங்களா?”

“எப்ப வந்திருந்தாலும் இதேதானாம்” என்றேன்.