பொன் இல்லாத பொன் சிங்கம்

போன வாரம் ஒரு சிங்கத்துக்குத் தங்கம் பூசினேன். தங்கம் இல்லாமல்.

மண் பொம்மைகளுக்கு வர்ணம் தீட்டும் பைத்தியம் எனக்கு உண்டு என்பது இந்தப் பக்கத்தைப் படிப்பவர்களுக்குத் தெரியும். மலை மேலும் தெரிந்துவிட்டது போலிருக்கிறது. ஜவ்வாது மலை விவசாயி காசி, போளூர் வரை இறங்கி வந்து, துண்டில் சுற்றிய பொம்மை ஒன்றை என் மேஜையில் வைத்தார். சாண் உயரச் சிங்கம். முதுகில் இரண்டு சிறகுகள்!

“இது என்ன சிங்கம்ங்க?” என்றேன்.

“எம் பொஞ்சாதி ஜொரத்துல கெடக்கசொல்ல கனவுல வந்துச்சுங்க. தங்க ரெக்கையோட பக்கத்துல நின்னுச்சாம். பொழச்சா அதே மாதிரி செஞ்சு கோயில்ல வெக்கிறேன்னு வேண்டிக்கிச்சு. பொழச்சிக்கிச்சுங்க.”

தங்க பெயிண்ட் ஒரு டப்பா போதுமே? அங்கேதான் சிக்கல். அவர்கள் கோயிலின் கல் வட்டத்துக்குள் உலோகம் நுழையக் கூடாது. தாலியைத் தவிர எல்லாம் வெளியே... அரிவாள், கொலுசு, சில்லறை. தங்க பெயிண்டில் இருப்பதோ பித்தளைப் பொடி. பூசாரி மோந்தே கண்டுபிடித்துவிடுவாராம். வேண்டுதலை முடிக்காவிட்டால் ஜுரம் திரும்பி வந்துவிடும் என்று காசியின் மனைவி வள்ளிக்குப் பயம்.

உலோகம் இல்லாமல் தங்கம் வருமா? வரும் — கண்ணை ஏமாற்றினால். ஒரு பித்தளைச் செம்பை எதிரே வைத்து உற்றுப் பார்த்தேன். அதில் மஞ்சள் கொஞ்சம்தான். பாதிக்கு மேல் கறுத்த பழுப்பு. விளிம்பில் மட்டும் சுரீரென்று ஒரு வெள்ளைக் கோடு. அதே மாதிரி பழுப்பு, காவி, மஞ்சள், கடைசியில் ஊசிமுனை வெள்ளை... நான்கு நாள் வேலை. சிறகு மின்னியது. எனக்குக் கர்வம் தாங்கவில்லை.

பாராட்டு வாங்க வேண்டாமா? சிங்கத்தோடு நானும் ஜீப்பில் மலையேறினேன். கைக்கடிகாரத்தைக் கழற்றி வைத்துவிட்டு வட்டத்துக்குள் போய், சாமி எதிரே சிங்கத்தை வைத்தால் — சிறகு காய்ந்த சேறு மாதிரி இருக்கிறது. என் மேஜைக்கு ஜன்னல் இடப்பக்கம். மினுமினுப்பை எல்லாம் அந்தப் பக்க வெளிச்சத்துக்கே தீட்டித் தொலைத்திருக்கிறேன். இங்கே அகல் வலப்பக்கம் எரிகிறது.

“தங்கம்னீங்க?” என்றார் பூசாரி.

காசியோடு வந்து நின்ற வள்ளியின் முகம் வெளிறிவிட்டது. எனக்கு வெட்கம். சிங்கத்தைத் திருப்பி வைக்கலாமா என்றேன். சாமிக்கு முதுகைக் காட்டுமே, கூடாது என்றுவிட்டார் பூசாரி.

வள்ளி சிங்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பூசாரியிடம் மெதுவாகக் கேட்டார்.

“வெளக்க அந்தாண்ட வெச்சா குத்தமாங்க?”

பூசாரி யோசித்தார். விளக்கு எந்தப் பக்கம் இருக்க வேண்டும் என்று யாரும் சட்டம் போட்டிருக்கவில்லை. அகலைத் தூக்கி இடப்பக்கம் வைத்தார். சிறகில் தங்கம் ஏறியது.

“இதேதாங்க நா பாத்தது,” என்றார் வள்ளி. பூசாரி விபூதித் தட்டை எடுத்தார். பனை ஓலைத் தட்டு.

நேற்று இன்னொருவர் பொம்மையோடு வந்தார். என்ன கலர் என்று நான் கேட்கவில்லை. “உங்க வீட்டு விளக்கு எந்தப் பக்கம்?” என்றுதான் கேட்டேன்.