எட்டாயிரத்துக்கு எட்டுப் பட்டுப் புடவை

போன செவ்வாய்க்கிழமை சாயங்காலம் எங்கள் வீட்டு ஹாலில் இருந்தவர்கள் மொத்தம் ஐந்து பேர். பின்னால் யாரும் 'நான் அந்தப் பக்கமே வரவில்லை' என்று சொல்லிவிடக் கூடாது பாருங்கள்... அதனால் எழுதி வைத்துவிடுகிறேன்.

நான். பத்தாம் வகுப்பு படிக்கிற என் மகள் கீர்த்தனா. முசரவாக்கம் ரூட்டில் ஷேர் ஆட்டோ ஓட்டுகிற என் வீட்டுக்காரர். கீழ் போர்ஷனில் தறி நெய்கிற ஹவுஸ் ஓனர் சண்முகம் அண்ணன். கடைசியாக, கீர்த்தனாவின் டியூஷன் மாஸ்டர் பிரபு சார். இவர் பீஸ் கேட்க வந்தவர். காபி வந்ததால் உட்கார்ந்தவர்.

எதற்கு இந்த மாநாடு? நிச்சயதார்த்தமா? பாகப்பிரிவினையா? அதெல்லாம் இல்லை. ஒரு கணக்கு, ஒரு இங்கிலீஷ் லெட்டர். கீர்த்தனாவின் ஹோம்வொர்க்!

கூட்டத்தைக் கூட்டியது நான்தான். நான் கவலைப்படுவதில் எவ்வளவு திறமைசாலி என்பது இந்தப் பக்கத்தை வாராவாரம் படிக்கிறவர்களுக்குத் தெரியும். கேஸை மூடினேனா என்று பஸ் ஸ்டாண்டிலிருந்து திரும்பி ஓடிவந்தவள். வந்து பார்த்தால் மூடித்தான் இருந்தது. திறந்து, மறுபடி மூடிவிட்டுப் போனேன்... ஒரு திருப்திக்கு.

இந்த முறை கவலைக்குக் காரணம் இருந்தது. கீர்த்தனாவின் கணக்கு மிஸ், வகுப்பை இரண்டாகப் பிரிக்கப்போவதாகச் சொல்லியிருந்தார். ஒரு பிரிவுக்கு எல்லாப் பாடமும் நடக்கும். இன்னொன்று மெல்லக் கற்போர் பிரிவு. அவர்களுக்குப் பாஸ் மார்க்குக்குத் தேவையானது மட்டும். இந்த வார வொர்க்‌ஷீட்டைப் பார்த்துதான் யார் எதில் என்று முடிவு. இங்கிலீஷ் மிஸ்ஸும் அதே மாதிரி ஒரு வொர்க்‌ஷீட் கொடுத்திருந்தார்.

கீர்த்தனாவுக்குப் பிளஸ் ஒன்னில் கம்ப்யூட்டரும் கணக்கும் சேர்ந்த குரூப் வேண்டும். பாஸ் மார்க் பிரிவில் போய் உட்கார்ந்தால் அது கிடைக்குமா? கிடைக்காது. கிடைக்காவிட்டால்? என் வீட்டுக்காரரிடம் பதில் தயாராக இருந்தது.

"இன்னா இப்போ? பட்டுக்கடைல பில்லிங்குக்கு ஆள் கேட்டுக்கினேதான் இருக்காங்க. பாஸ் ஆனா போதும்மா!"

விளையாட்டாகத்தான் சொன்னார். ஆனால் கீர்த்தனாவின் முகம் விளையாடவில்லை. எனக்கு அன்று ராத்திரி தூக்கம் போச்சு.

சரி, நானே சொல்லிக்கொடுக்கலாமே என்கிறீர்களா? எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு டாட்டா காட்டியவள் நான். கணக்கில் எழுத்தெல்லாம் வந்து எண்களோடு குடித்தனம் நடத்த ஆரம்பித்தபோது, நான் புடவை முந்தானைக்குக் குஞ்சம் கட்டிக்கொண்டிருந்தேன். 'வீட்ல கொஞ்சம் பாத்துக்கோங்கம்மா' என்று மிஸ் சொல்வார். பார்த்துக்கொள்கிறேன். நோட்டைத் திறந்து வைத்தால், நன்றாகவே பார்ப்பேன். பார்க்க மட்டும்தான் தெரியும்.

அதனால்தான் ஆள் சேர்த்தேன். நான்கு பேர் மூளை சேர்ந்தால் ஒரு பத்தாம் வகுப்புக் கணக்கு நடுங்காதா?

கீர்த்தனா வொர்க்‌ஷீட்டை வாசித்தாள்.

"ஒரு வியாபாரி எட்டாயிரம் ரூபாய்க்குச் சில பட்டுப் புடவைகள் வாங்கினார். ஒரு புடவையின் விலை இருநூறு ரூபாய் குறைந்திருந்தால், அதே பணத்துக்கு இரண்டு புடவைகள் கூடுதலாக வாங்கியிருப்பார். எனில், அவர் வாங்கிய புடவைகள் எத்தனை?"



சண்முகம் அண்ணன் காபி டம்ளரைக் கீழே வைத்தார். "எவ்ளோக்கு வாங்கினான்?"

"எட்டாயிரம் பெரியப்பா."

"ஒண்ணா?"

"இல்ல பெரியப்பா. எல்லாம் சேத்து."

அண்ணன் எங்களை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். இழவுச் செய்தி சொன்னவரைப் பார்க்கிற பார்வை. "எட்டாயிரத்துக்கு எனுக்குப் பாவு நூலும் ஜரிகையுமே வராதுமா. கூலி யார் குடுப்பா, அந்த வியாபாரியோட மாமனாரா?"

"எட்டு வருது பெரியப்பா" என்றாள் கீர்த்தனா, மெல்ல.

"இன்னாது எட்டு?"

"எட்டுப் புடவை."

அண்ணன் சிரித்த சிரிப்பில் கீழே தறியில் இருந்த அவர் மனைவி, "இன்னாங்க அங்கே?" என்று குரல் கொடுத்தார்.

"எட்டாயிரத்துக்கு எட்டுப் பட்டுப் புடவை! வெளிய சொல்லிடாதேம்மா கீர்த்தி. நாளைக்குக் காலைல மெட்ராஸ்லருந்து வேன் புடிச்சு வந்து நம்ம வாசல்ல நிப்பாங்க!"

எல்லோரும் சிரித்தோம். கீர்த்தனா பென்சிலைக் கடித்தாள்.

என் வீட்டுக்காரர் துப்பறிய ஆரம்பித்தார். "பட்டா இருக்காதுண்ணே. பாலியஸ்டரா இருக்கும். பஸ் ஸ்டாண்டாண்ட ஒருத்தன் என்கிட்டயே கமிஷன் பேசினான். பார்ட்டியை இட்டுனு வா, தலைக்கு நூறு ரூபா தர்றேன்னு."

"கணக்குல பட்டுன்னு எழுதிக்கீதே?"

"எழுதுவாங்கண்ணே. போர்டுல எல்லாரும் அப்படித்தான் எழுதறான்."

"சார், நீங்க இன்னா சொல்றீங்க?" என்று நான் பிரபு சாரைத் திருப்பினேன். அவர் மெக்கானிக்கல் இன்ஜினியரிங் படித்தவர். எல்லாப் பாடத்துக்கும் சேர்த்து மாதம் எண்ணூறு வாங்குகிறவர். இந்த அறையில் கணக்கு தெரிந்த ஒரே மனிதர் என்பது என் நம்பிக்கை.

பிரபு சார் வொர்க்‌ஷீட்டை வாங்கினார். பார்த்தார். திருப்பிப் பார்த்தார். பின்பக்கம் காலியாக இருந்தது.

"அண்ணன் சொல்றதும் ஒரு ஆங்கிள்ல கரெக்ட்தாங்க. ஜிஎஸ்டி உண்டா இல்லையான்னு கொஸ்டின்ல தெளிவா இல்ல."

அவ்வளவுதான். ஜிஎஸ்டி வந்தது, ஜரிகை எத்தனை கிராம் என்று வந்தது, கைத்தறியா விசைத்தறியா என்று வந்தது. சண்முகம் அண்ணன் யார் யாரிடம் ஏமாந்தார் என்ற பட்டியலும் வந்தது. கணக்கு மட்டும் வரவில்லை. கடைசியில் அண்ணன் தீர்ப்பு வழங்கினார்.

"எழுதிக்கோமா. இந்த விலைக்குப் பட்டுப் புடவை ஒண்ணு கூட வாங்க முடியாது. வியாபாரியை யாரோ ஏமாத்திட்டாங்க."

"பெரியப்பா, அப்படி எழுதக் கூடாது..."

"ஏன்? தப்பா?"

தப்பு இல்லையே! நான்தான் அதட்டினேன். "பெரியவங்க இத்தனை பேர் சொல்றாங்க இல்ல? எழுதுடி." எழுதினாள்.

அடுத்தது இங்கிலீஷ். வாங்கிய பொருளில் குறை இருப்பதாகக் கடை மேனேஜருக்குப் புகார்க் கடிதம். பொருள் எதுவாகவும் இருக்கலாம். கீர்த்தனா புடவையைத் தேர்ந்தெடுத்திருந்தாள். ஏன் என்றால், அதற்குத்தான் ஸ்பெல்லிங் தெரியுமாம்.

"சாயம் போகுதுன்னு எழுதப்போறேன்பா."

சண்முகம் அண்ணன் எழுந்தே நின்றுவிட்டார். "காஞ்சிபுரத்துல உக்காந்துக்கினு, நம்ம வூட்டுப் புள்ள, புடவை சாயம் போவுதுன்னு கைப்பட எழுதறதா?"

"சும்மா லெட்டர்தான் பெரியப்பா. போஸ்ட் பண்ண மாட்டோம்."

"இன்னைக்கு சும்மா எழுதுவ. நாளைக்கு ஊரே எழுதும். அந்தப் பொம்பளை எதுல துவைச்சா? அதைக் கேளு மொதல்ல. வாஷிங் மெஷின்ல போட்டிருப்பா!"

இல்லாத பெண்மணி. இல்லாத புடவை. இல்லாத வாஷிங் மெஷின். ஆனால் அண்ணனுக்கு வந்த கோபம் அசல் ஜரிகை.

என் வீட்டுக்காரர் போனை எடுத்தார். தமிழில் பேசினால் இங்கிலீஷில் எழுதித் தருமாம். அண்ணன் சொல்லச் சொல்ல, இவர் போனுக்குச் சொன்னார். போன், பாவம், யார் வீட்டுப் பிள்ளையோ... சொன்னதையெல்லாம் மடமடவென்று பெரிய பெரிய இங்கிலீஷில் போட்டுத் தள்ளியது. கீர்த்தனா பார்த்து எழுதினாள். பாதி வார்த்தையை அவளால் வாசிக்க முடியவில்லை. பிரபு சார் 'சூப்பர் வொக்காபுலரி' என்றார். இரண்டாவது காபி குடித்தார்.

எனக்கு நிம்மதி. ஆறு மாதத்தில் முதல் முறையாக ஹோம்வொர்க் ஒன்பது மணிக்குள் முடிந்திருந்தது.

வெள்ளிக்கிழமை கணக்கு மிஸ்ஸிடமிருந்து போன். "ஸ்கூலுக்கு வந்துட்டுப் போங்கம்மா."

எதற்கு என்று அவர் சொல்லவில்லை. நான் கேட்கவும் இல்லை. கேட்டால் பதில் தெரிந்துவிடுமே! வீட்டிலிருந்து பள்ளிக்கூடம் போகிற வழியில் கீர்த்தனாவை மெல்லக் கற்போர் பிரிவில் உட்காரவைத்து, ஜஸ்ட் பாஸ் ஆக்கி, பட்டுக்கடையில் யூனிபார்ம் புடவை கட்டி பில் போடவைத்து, நாள் முழுக்க நின்று கால் வீங்கி, அந்தக் காலுக்குத் தைலம் தேய்ப்பது வரை வந்துவிட்டேன். பள்ளிக்கூட கேட் வந்ததால் அதோடு நின்றது.

மிஸ் மேஜையில் ஒரு கட்டு வொர்க்‌ஷீட். பக்கத்தில் கீர்த்தனா, தலை குனிந்து.

"அம்மா, நான் திண்டுக்கல்காரி. இந்த வருஷம்தான் உங்க ஊருக்கு வந்தேன். புடவைன்னு போட்டா பிள்ளைங்க ஆர்வமா போடுவாங்கன்னு நினைச்சேன். என் தப்புதான்."

எனக்கு ஒன்றும் புரியவில்லை.

"பாதி கிளாஸ் கணக்கே போடல. விலை தப்புன்னு எழுதியிருக்காங்க! ஒருத்தி, ஜரிகை விவரம் இல்லாததால விடை சொல்ல இயலாதுன்னு. இன்னொருத்தி, 'வியாபாரி பேரைச் சொல்லுங்க மிஸ், எங்க அப்பா விசாரிக்கணுமாம்'னு."

ஆக, செவ்வாய்க்கிழமை சாயங்காலம் மாநாடு நடந்தது எங்கள் வீட்டில் மட்டும் இல்லை!

மிஸ் அடுத்த தாளை எடுத்தார். "இது இங்கிலீஷ் மிஸ் குடுத்துட்டுப் போனது. புகார்க் கடிதம்தானே எழுதச் சொன்னாங்க? உங்க பொண்ணு மேனேஜர்கிட்ட மன்னிப்புக் கேட்டிருக்கா. சாயம் போனது முழுக்க என் தவறு, வாஷிங் மெஷினில் போட்டுவிட்டேன், நெய்தவர் மனதைப் புண்படுத்தியதற்கு வருந்துகிறேன், மீண்டும் உங்கள் கடையிலேயே வாங்குவேன்னு..."

நான் சீலிங் ஃபேனைப் பார்த்தேன். அதுவும் சுற்றிக்கொண்டுதான் இருந்தது.

"மிஸ், அந்தப் பிரிவுல மட்டும் போட்டுடாதீங்க" என்றேன். "கம்ப்யூட்டர் படிக்கணும்னு ஆசைப்படுது. வீட்ல சொல்லிக்குடுக்க ஆள் இல்ல..."

"ஆள் இல்லையா? நிறையப் பேர் இருக்காங்க போலிருக்கே!" மிஸ் சாக்பீஸை கீர்த்தனாவிடம் நீட்டினார். "புடவையை விடு. பிளாஸ்டிக் சேர்னு வெச்சுக்கோ. அதே நம்பர். போடு."

கீர்த்தனா போர்டுக்குப் போனாள். எக்ஸ் போட்டாள். அதன் மேலே எட்டாயிரம். சமக்குறி. அடுத்த வரி, அதற்கடுத்த வரி... எங்கும் நின்று யோசிக்கவில்லை. எனக்கு ஓர் எழுத்தும் புரியவில்லை. ஆனால் என் விரல் குஞ்சம் கட்டும்போது இப்படித்தான் ஓடும் என்பது மட்டும் புரிந்தது. கடைசியில் ஒரு எட்டு எழுதி, அதைச் சுற்றிக் கட்டம் போட்டாள்.

"இதை ஏன் செவ்வாய்க்கிழமை எழுதல?"

"அன்னைக்கே வந்துச்சு மிஸ். எட்டுன்னு சொன்னேன். எல்லாரும் சிரிச்சாங்க." ஓரக்கண்ணால் என்னைப் பார்த்தாள். "அம்மா எழுதச் சொன்னதை எழுதிட்டேன்."

யோசித்துப் பாருங்கள். அன்று நாங்கள் அத்தனை பேர் உட்கார்ந்தோமே, 'உனக்கு எதும்மா புரியல' என்று ஒருவராவது கேட்டோமா? நமக்கு என்னென்ன தெரியும் என்று காட்ட ஒரு மேடை கிடைத்தது. ஏறிவிட்டோம். ஹோம்வொர்க்குக்கு ஹெல்ப் என்பது பெரும்பாலான வீடுகளில் இதுதான் என்று நினைக்கிறேன். பிள்ளைகள் பொறுமையாக உட்கார்ந்து, நாம் பேசி முடிக்க உதவுகிறார்கள்.

"அந்தப் பிரிவுல போடல" என்றார் மிஸ். "ஆனா ஒரு கண்டிஷன். இனிமே வீட்ல யாரும் உதவி பண்ணக் கூடாது."

இங்கிலீஷ் லெட்டரைத் திரும்ப எழுதச் சொன்னார்கள். இந்த முறை மிக்ஸி பற்றி அவளே எழுதினாள். நாலு இடத்தில் சிவப்பு மை. ஆனால் முழுசாக வாசித்துக் காட்டினாள், தடுக்காமல்.

அந்த வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவள் வொர்க்‌ஷீட்டோடு உட்கார்ந்தபோது நான் ஹால் கதவைச் சாத்தினேன். என் வீட்டுக்காரர் பில்லிங் வேலை பற்றி வாயைத் திறக்கவில்லை. போனை நான் அரிசி டப்பாவில் ஒளித்து வைத்திருந்தேன். கீழே தறிச் சத்தம் நின்றது.

"கீர்த்தி! இன்னைக்கு இன்னா கணக்குமா?"

"பிளாஸ்டிக் சேர் பெரியப்பா!"

"அப்ப சரி. நீயே போட்டுக்கோ."

தறி மறுபடி ஓட ஆரம்பித்தது.

நேற்று பிரபு சாரிடமிருந்து வாட்ஸ்அப் வந்தது. 'கீர்த்தனா நல்லா இம்ப்ரூவ் ஆயிருக்கா மேடம். நம்ம கோச்சிங்தான். ரெண்டு மாச பீஸ் பெண்டிங்.' கீர்த்தனாவிடம் காட்டினேன். வாயை மூடிக்கொண்டு சிரித்தாள்.

கொடுத்துவிடுவேன். காபியைக் கழிக்கவா முடியும்? பாக்கி, ஆயிரத்து அறுநூறு ரூபாய் — அந்த வியாபாரிக்கு மட்டும் ஒரு புடவை இருநூறு குறைந்து எண்ணூறுக்குப் படிந்திருந்தால், சுளையாக இரண்டு பட்டுப் புடவை!