பாவட்டை வேலி

ஆஸ்பத்திரியை விட்டு வெளிக்கிட்டு இரண்டு கட்டை தூரம் நடந்திருப்பேன். விளாத்தி முள் ஏறிய வலது கால் வீங்கிச் செருப்புக்குள் அடங்கவில்லை. செருப்பைக் கையில் வைத்திருந்தேன். சண்டையால் கப்பல் வராததால் அங்கே மருந்து இல்லை. "சீழ் மேலே ஏறினால் காலை எடுக்க வேண்டி வரும், தம்பி" என்றார் டாக்குத்தர். எட்டாம் வகுப்போடு புத்தகத்தை மூடிவிட்டு ஊர் ஊராகத் திரிந்தவனுக்குக் காலை விட்டால் வேறென்ன இருக்கிறது?

காய்ச்சலில் தொண்டைமானாற்றுத் தண்ணீர் ஒரு பக்கமாகச் சரிந்து கிடந்தது. கொக்குகள் வெளிச்சத்தின் மேல் நிற்பதுபோல் இருந்தன. நான் நடக்கவில்லை, தெருதான் என்னைக் கடந்து போகிறது என்று நினைத்தேன்.

ஒரு வீட்டின் பாவட்டைச் செடி வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கைக்கு எட்டும் உயரம்வரை அதில் ஓர் இலைகூட இல்லை.

"நீரும் இலை முறிக்கவோ வந்தனீர்?" படலையைத் திறந்த பெண்ணுக்கு நாற்பது வயது இருக்கும். "ஊர்ச் சனத்தின்ரை வீக்கமெல்லாம் என்ரை வேலியிலைதான் வத்துது."

"இலைக்கு வரேல்லை, அக்கா. விழாமல் பிடிச்சனான்."

காலைப் பார்த்தார். என்னை ஒரு மரக்குற்றியில் இருத்தி, உச்சியில் மிஞ்சிய பாவட்டை இலைகளைக் கொக்கத்தடியால் பறித்துத் தணலில் வாட்டி ஒத்தணம் கொடுத்தார். அந்த மணத்தில் கண் சொருகியது. அவர் மடியில் இருப்பது யாருடைய கால் என்றே தெரியவில்லை. பின்னேரம் சீழ் உடைந்து, ஒடிந்த முள்நுனியும் வெளியே வந்தது.

மருந்து இல்லாததால்தான் இலைக்குப் போனோம் என்பார்கள். அது பாதிதான். நாறிய காலை அரைநாள் ஒருவர் மடியில் வைத்திருந்தார். மருந்து வந்த காலத்திலும் நான் இலை தேடிப் போனது அதனால்தான்.

எழும்பியதும் வாய்ப்பழக்கத்தில், "அப்ப போட்டு வாறன், அக்கா" என்றேன்.

அவர் முகம் கறுத்தது. "மருந்து கட்டின வீட்டிலை சொல்லுற கதையே உது? வாறன் எண்டால் வருத்தம், நோயும் கூட வருமெல்லோ!"

வாயைப் பொத்தினேன்.

"சொல்லிப்போட்டீர், இனி வரத்தான் வேணும். வருத்தக்காரனா வராதையும், வேலைக்காரனா வாரும். வேலிக்குள்ளாலை நாய் பூருது."

கோயில் மடத்தில் படுத்தேன். விடிந்ததும் காலை ஊன்றிப் பார்த்தேன். நொந்தது, ஆனால் தாங்கியது. அவர் முற்றத்தில் காலை நீட்டி இருந்து, ஊறிய தென்னோலையில் வேலிக்குக் கிடுகு பின்னத் தொடங்கினேன். கட்டும்போது, இலை முறிக்க இடைக்கிடை ஒரு கை நுழைய இடம் விடச் சொன்னார்.