கதவில் போட்ட மார்கழிக் கோலம்

பட்டணத்தை ஒட்டிய அஸ்தினாபுரத்தில் எங்கள் தெரு சுந்தரவல்லியைப் பிடிவாதக்காரி என்பார்கள். ஆமாம், பிடிவாதக்காரிதான். நான் சொல்வதை அப்படியே உங்கள் பத்திரிகையில் போடுங்கள். ஐப்பசி வந்தால் தெருத் தண்ணீரெல்லாம் தாழ்ந்த கோடியில் இருந்த அவள் வீட்டுக்குள்தானே புகுந்தது? பேசியவர்கள் அடுப்பிலா தவளை உட்கார்ந்தது? அவளுடைய அடுக்களைக் கதவு ஊறி உப்பி, நிலையில் சேராமல், கொல்லையில் சாய்ந்து கிடந்தது.

அவள் கணவர் ஸ்ரீரங்கன் ரோடு கான்டிராக்டரிடம் வேலை பார்த்தவர். மணல் சேர்க்காமல் ஜல்லியும் சிமெண்டும் மட்டும் கலந்து போட்டால், இடுக்கு வழியாகத் தண்ணீர் பூமிக்குள் இறங்கிவிடும் என்று ஒருநாள் சொன்னார். சொன்னதுதான் தாமதம், கொத்தனார் அசரியாவைக் கூப்பிட்டுவிட்டாள்.

"மணல் இல்லாத கலவையா? இன்னாமா இது, பாக்கிறவன் என்னைப் பார்த்து சிரிப்பான்."

"சிரிக்கட்டும். நீ போடு."

வீட்டு முன்னால் தெரு அகலத்துக்குத் தோண்டி, செங்கல் உடைசல் நிரப்பி, மேலே அந்தக் கலவையைப் போட்டான். கடலை உருண்டையைத் தட்டி விரித்த மாதிரி இருந்தது. அறுபத்தெட்டாம் வருஷத்து ஐப்பசி மழை அதன்மேல் ஓடி வந்தது; வந்த இடத்திலேயே காணாமல் போயிற்று. அடுப்பு நனையவில்லை.

ஆனால் மார்கழி நெருங்கியதே! அந்தக் கரடுமுரடில் கோலம் எப்படி நிற்கும்? பக்கத்து வீட்டுப் பாலாம்பாளுக்கும் அதுதான் வாசல். அசரியாவிடம் சிமெண்டுப் பால் கரைக்கச் சொல்லி, வாளியோடு அவனையும் கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள்.

"ஒரு பூச்சு பூசினா வழவழன்னு ஆயிடும்டி. மார்கழியும் அதுவுமா வாசல்ல கோலம் இல்லேன்னா லட்சுமி வருவாளா?"

"பூசினா லட்சுமி வரமாட்டா மாமி, பழையபடி தண்ணிதான் வரும்." சுந்தரவல்லி நடுரோட்டில் சப்பணமிட்டு உட்கார்ந்துகொண்டாள். "ஊத்தறதுன்னா என் தலையில ஊத்துங்கோ. சாணித் தண்ணியும் தெளிக்கப்படாது, ஓட்டை அடைஞ்சுடும்."

அசரியா வாளியை இறக்கி வைத்தான். "பேஜாரா போச்சு. யார் சொல்றதைக் கேக்கிறது?"

"பெரிய கோலக்காரி! இனிமே எங்கே போடுவே?" என்றாள் பாலாம்பாள்.

அதுதான் சுந்தரவல்லியைச் சுட்டது. அவளைப்போல் இழை இழுக்க எங்கள் பக்கத்தில் ஆள் கிடையாது.

மார்கழி முதல் நாள் விடியலில், பால் வாங்கப் போனவள் அப்படியே நின்றுவிட்டேன். கொல்லையில் கிடந்த அந்த உப்பின கதவை ஒற்றை ஆளாக இழுத்து வந்து ரோட்டில் கிடத்தியிருந்தாள். சாணியால் மெழுகி, அதன்மேல் புள்ளிக்கோலம். நடுவே பூசணிப்பூ.

"கதவுல கோலமா? ஊர் உலகத்துல உண்டா?" பாலாம்பாள் இடுப்பில் கைவைத்துக் கேட்டாள்.

"எங்க வாசல்ல உண்டு மாமி. கொஞ்சம் தள்ளி நில்லுங்கோ, இழை கலையறது. ஓரத்துல இடம் இருக்கு, உங்காத்துக் கோலத்தையும் போட்டுடவா?"

பாலாம்பாள் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனாள். மறுநாள் அசரியா அகலமான பலகை ஒன்றைச் சுமந்துகொண்டு அவள் வீட்டுக்குத்தான் போனான்.