இடது கையால் போட்ட சாதம்

ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்று பட்டணமே காலியானபோது, மயிலாப்பூர் குளத்தருகே நான் பரிமாறிக்கொண்டிருந்த சாப்பாட்டு ஹோட்டலும் மூடிக் கிடந்தது. பயம் தெளிந்து ஜனங்கள் திரும்பினார்கள். பரிமாறுகிறவர்களில் பாதிப் பேர் திரும்பவில்லை. அவர்கள் வேலையும் எங்கள் தலையில் விழுந்தது. முதலாளிக்கு அதில் வருத்தம் இருந்ததாகத் தெரியவில்லை.

எங்களில் வலி இல்லாதவன் கிடையாது. மாவாட்டுகிறவருக்குத் தோள், அடுப்படியில் நிற்பவருக்கு முழங்கால், எனக்கு இடுப்பு. மத்தியானப் பந்தி ஓய்ந்ததும் உப்பை வறுத்துத் துணியில் கட்டி ஒருவருக்கொருவர் ஒத்தடம் கொடுத்துக்கொள்வோம். அதை வியாதி என்று யாரும் சொல்லவில்லை. வியாதி என்றால் லீவு கேட்க வேண்டும்; லீவு கேட்டால் வேலை போய்விடும்.

எங்களோடு பரிமாறியவர்களில் மூத்தவரை நான் அண்ணா என்று கூப்பிடுவேன். எள் என்பதற்குள் எண்ணெயாக நிற்கிற மனிதர். இடது கையில் சாம்பார் வாளி, வலது கையில் கரண்டி. இலைக்கு வெளியே ஒரு சொட்டு சிந்தாது. அந்த வலது தோளும் முழங்கையும்தான் இறுகிப்போயின. முதலில் தலை வாரக் கை எழவில்லை. பிறகு கரண்டியே எழவில்லை.

"முதலாளிக்குத் தெரிஞ்சா வெளியிலே தள்ளிடுவார்டா. கொஞ்சம் பார்த்துக்கோ" என்றார்.

பார்த்துக்கொண்டேன். சாதமும் சாம்பாரும் நான் எடுப்பேன், அப்பளமும் ஊறுகாயும் அவருக்கு. ஒரு ஞாயிற்றுக்கிழமை கூட்டம் நெரிந்தது. நான் அடுத்த வரிசையில் ரசம் ஊற்றிக்கொண்டிருந்தேன். வேறு ஆளில்லாமல் அண்ணாவே சாதத் தட்டை எடுத்தார். அதை வலது இடுப்போடு அணைத்துக்கொண்டு, இடது கையால் சாதத்தை இலையில் தள்ளினார்.

"என்ன ஓய், இடது கையாலே போடறீர்? நான் மனுஷனா, நாயா?"

கேட்டவர் இலையை மடித்துவிட்டு எழுந்தார். அவரோடு அந்த வரிசையே எழுந்தது. ரச வாளியை அந்த ஆள் தலையில் கவிழ்க்கலாமா என்று எனக்கு இருந்தது.

முதலாளி கத்தவில்லை. அண்ணாவை வலது கையைத் தூக்கிக் காட்டச் சொன்னார். மார்பளவுக்குக்கூட எழவில்லை.

"நாளையிலேர்ந்து இலை எடும். எச்சில் எடுக்க எந்தக் கைன்னு யாரும் கேக்கப்போறதில்லே."

வெளியே தள்ளாமல் விட்டாரே, மகராஜன் என்று சமையற்காரர் மெச்சினார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மறுநாள் பந்தி முடிந்து நாங்கள் சாப்பிட உட்கார்ந்தோம். எப்போதும் நடுவில் உட்கார்ந்து எல்லோரையும் கேலி செய்கிற அண்ணா, தன் இலையை எடுத்துக்கொண்டு மூலைக்குப் போய்ச் சுவரைப் பார்த்து உட்கார்ந்தார். கோபம் என்று நினைத்து, சமாதானம் சொல்ல மோரோடு பக்கத்தில் போனேன்.

வலது கை மடியில் கிடந்தது. இடது கையால் சோற்றைப் பிசைந்து வாயில் போட்டுக்கொண்டிருந்தார்.

"பார்க்காதேடா. அந்தண்டை போ" என்றார், திரும்பாமல்.