ஸ்பீக்கரில் வந்த நிலநடுக்கம்

"அந்தச் சத்தத்த ஹாலுக்குள்ள போடாதீங்க சார்" என்று நான் ஒருமுறை மட்டும் சொல்லவில்லை. ரிகர்சலில் சொன்னேன், ஆபீஸில் சொன்னேன், நிகழ்ச்சியன்று மேடைக்குப் பின்னால் நின்றும் சொன்னேன். போட்டார்கள். ரிட்டயர் ஆகிவிட்டேன்; இன்றைக்கும் நினைத்தால் வயிறு எரிகிறது.

அந்தமானில், போர்ட் பிளேரில் அரசின் கலை பண்பாட்டு அலுவலகத்தில் நான் ஸ்டேஜ் மேனேஜர். திரை, மைக், லைட், நடிப்பவர்களுக்கு டீ, எல்லாம் என் பொறுப்பு. நிலநடுக்கமும் சுனாமியும் வந்துபோனபின், வீடு இழந்தவர்களுக்கு ஊரோரம் தகரக் கொட்டகை போட்டுக் கொடுத்திருந்தார்கள். அவர்களை வைத்து நாடகம் போடச் சொல்லி எனக்கு உத்தரவு வந்தது. நல்ல உத்தரவுதான். கெட்டுப்போனது அதற்குப் பிறகு.

1. அவர்கள் போட்ட நாடகம்

புரோத்ராபூரில் என் வீடு. அங்கிருந்து பஸ் பிடித்து மத்தியானங்களில் கொட்டகைக்குப் போவேன். முதலில் பேச வந்தவள் பார்வதி. லிட்டில் அந்தமான் தீவில், ஹட் பேயில் டீக்கடை வைத்திருந்தவள். கடையையும் வீட்டையும் தம்பியையும் கடல் கொண்டுபோய்விட்டது.

"அக்கா, அழுறதுக்கு எங்களுக்கு யாரும் சொல்லித்தர வேணாம். சிரிக்கிற மாதிரி ஏதாவது போடுவோம்" என்றாள்.

தகரச் சுவரையே நாடகமாக்கினார்கள். சுவருக்கு இந்தப் பக்கம் பார்வதி புருஷனோடு சண்டை போடுவாள். அந்தப் பக்கம் இருக்கும் வங்காளி அக்கா மாலா தீதி ஹிந்தியில் தீர்ப்பு சொல்வாள். "அரே பார்வதி, கல்தி துமாரா ஹை!" தப்பு உன்மேல்தான் என்று சுவர் வழியாக ஒரு குரல் வரும். உடனே புருஷனும் பெண்டாட்டியும் ஒன்றுசேர்ந்து தீதியிடம் சண்டைக்குப் போவார்கள். ரிகர்சல் பார்க்கக் கொட்டகையே திரண்டு வந்தது.

2. "இதுல சுனாமி எங்க?"

மெயின்லேண்டிலிருந்து ஓர் இயக்குநரை வரவழைத்தார் என் ஆபீசர். வந்தவர் கையைக் கட்டிக்கொண்டு ஒரு ரிகர்சல் பார்த்தார்.

"இதுல சுனாமி எங்கம்மா? டெல்லி கெஸ்ட் வர்றாங்க. புருஷன் பெண்டாட்டி சண்டையவா காட்டுறது?"

நீலத் துணியை அலை மாதிரி ஆட்ட வேண்டும், ஆட்கள் பிணமாகக் கிடக்க வேண்டும், பார்வதி தம்பியைக் கூப்பிட்டுக் கதற வேண்டும். இதுதான் அவர் திட்டம். பார்வதி அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

"என் தம்பி பேரச் சொல்லி நான் மேடையில அழமாட்டேன் சார்."

"அப்ப வேற ஆள் பாத்துக்கறேன்."

பார்த்துக்கொண்டார். டவுனில் காலேஜ் பிள்ளைகளுக்குச் சேறு பூசி நடிக்க வைத்தார். கொட்டகைக்காரர்களை முன்வரிசையில் உட்கார வைக்கச் சொன்னார். கேமராவில் அவர்கள் முகம் தெரிய வேண்டுமாம். அதற்குமேல் பெரிய பாஸ் ஸ்பீக்கர்களை இறக்கினார், நிலநடுக்கத்தின் உறுமலைத் தரை அதிரக் கேட்க வைக்க.

அப்போதெல்லாம் அடிக்கடி தரை ஆடும். ரோட்டில் லாரி போனால்கூடக் கொட்டகையில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடுவார்கள். ஊரில் எல்லாருக்கும் தெரிந்த விஷயம் இது.

"சத்தம் வரும்னு முன்னாடியே மைக்கிலயாவது சொல்லிடுவோம் சார்" என்று கெஞ்சினேன்.

"சொல்லிட்டா இம்பேக்ட் போயிடும்மா."

ஆபீசரிடம் போனேன். "பெரிய பேரு வாங்கினவர். கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோம்மா" என்றார். சவுண்டை நான் பார்க்க முடியாது என்று சொல்லிவிட்டேன். இயக்குநர் தன் ஆளைக் கன்சோலில் உட்கார வைத்தார்.

3. உறுமல்

நிகழ்ச்சியன்று கொட்டகைக்காரர்கள் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். இருட்டு வேண்டும் என்று இயக்குநர் பக்கவாட்டுக் கதவுகளையும் சாத்தித் தாழ் போட வைத்தார். நான் ஒரு கதவை ஒட்டியே நின்றுகொண்டேன். லைட் அணைந்தது. நாற்காலிக் காலிலிருந்து ஏறுகிற மாதிரி உறுமல் எழுந்தது. சத்தம் வரப்போகிறது என்று தெரிந்த நானே கதவுத் தாழைப் பிடித்துக்கொண்டேன்.

"பாகோ! பாகோ!" என்று யாரோ கத்தினார்கள். ஓடு, ஓடு. எல்லாரும் எழுந்து பின்வாசலுக்குப் பாய்ந்தார்கள். நான் தாழைத் திறந்து, "இந்தப் பக்கம் வாங்க, இதர் ஆவோ!" என்று கத்தினேன். பாதிப் பேர் அந்த வழியாக வெளியேறினார்கள். பின்வாசல் படியில் விழுந்தவர்களில் பார்வதி ஒருத்தி. வலது கை முறிந்தது. ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியெல்லாம் தம்பி பேரைச் சொல்லித்தான் அழுதாள். மேடையில் அழமாட்டேன் என்றவளை ஆட்டோவில் அழவைத்தார்கள்.

4. யார்மேல் தப்பு

மறுநாள் மீட்டிங். "இந்த ஜனங்களுக்கு டிசிப்ளின் இல்ல. நாடகம் பாக்கத் தெரியல" என்றார் இயக்குநர். ஆபீசர் தலையை ஆட்டினார். நான் எழுந்து நின்றேன்.

"உயிர் பொழைக்க ஓடினவங்க சார் அவங்க. அந்த டிசிப்ளின் இருந்ததாலதான் சுனாமியிலயும் பொழைச்சாங்க. உங்க சத்தத்துல கை ஒடிஞ்சவகிட்ட ஒருதரம் போய் மன்னிப்பு கேட்டீங்களா?"

பதிலுக்கு என்னை ஸ்டோருக்கு மாற்றிய ஆர்டர்தான் வந்தது. உடைந்த நாற்காலிகளுக்கும் பழைய திரைச்சீலைகளுக்கும் நடுவில் உட்கார்ந்தேன்.

பார்வதியும் மாலா தீதியும் சும்மா இருக்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், கொட்டகைகளுக்கு நடுவே இருந்த வெட்டவெளியில் தங்கள் நாடகத்தைப் போட்டார்கள். மைக் இல்லை, லைட் இல்லை, கெஸ்ட்டும் இல்லை. கையில் மாவுக்கட்டோடு பார்வதி புருஷனைத் துரத்தினாள். "இடது கையாலயும் அடிப்பேன்யா!" என்று அவள் புதிதாகச் சேர்த்த வசனத்துக்கு ஜனம் விழுந்து விழுந்து சிரித்தது. நானும் சிரித்தேன், கண்ணைத் துடைத்துக்கொண்டே.

அந்த இயக்குநர் பிற்பாடு ஒரு டிவி பேட்டியில் பேசுவதைப் பார்த்தேன். "அந்தமான்ல என் நாடகம் எவ்வளவு தத்ரூபமா இருந்ததுன்னா, ஆடியன்ஸ் எழுந்து ஓடிட்டாங்க." சிரித்துக்கொண்டே சொன்னார். எதிரே இருந்தவர் கை தட்டினார்.

இந்த வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்கு ஒன்று சொல்வேன். பட்ட கஷ்டம் பட்டவர்களுடையது. அதை மேடையில் காட்டலாமா, எப்படிக் காட்டலாம் என்று அவர்களைத்தான் கேட்க வேண்டும். வேண்டாம் என்றால் வேண்டாம்தான். எவ்வளவு பெரிய ஆள் வந்து சொன்னாலும் அந்த ஸ்விட்சைப் போடாதீர்கள். வேலை போனாலும் பரவாயில்லை. பார்வதியின் வலது கை இன்றுவரை முழுசாக நீளவில்லை.