தங்கப்பண்ணன் தூக்கிவிட்ட ஆள்

பேய், ஆவி என்று யாராவது பேச்செடுத்தால் நான் வாய் திறக்க மாட்டேன். எதற்குமே அதிகம் வாய் திறக்க மாட்டேன் என்பது வேறு விஷயம், ஆனால் மனதுக்குள் சிரித்துக்கொள்வேன். நாலாம் வகுப்போடு நின்று மண் வெட்டப் போனவன் நான். கிணறு, கக்கூஸ் குழி, பிணக்குழி எல்லாம் வெட்டியிருக்கிறேன், மண்ணுக்குள் மண்ணைத் தவிர வேறெதையும் கண்டதில்லை. இப்போது சொல்லப்போவதை நீங்கள் நம்பாவிட்டாலும் எனக்கு வருத்தமில்லை. வேறு ஆள் சொல்லியிருந்தால் நானும் எழுந்து போயிருப்பேன்.

தொண்ணூறுகளில் நானும் மனைவி ரெத்தினமும் பாறசாலைக்குப் பக்கத்தில் கொல்லயிலில் குடியிருந்தோம். திருவனந்தபுரத்தில் ஒரு கல்லூரியில் பௌதிகம் படிப்பித்த சார் ஒருவர் அப்போது வெள்ளாரங்கல் தேடி எங்கள் பக்கம் வருவார். படித்தவர்கள் அதைப் படிகக்கல் என்பார்கள். கல்லுக்குள் வெளிச்சத்தை விட்டு ஏதோ பரிசோதனை செய்கிறாராம். நாங்கள் கொண்டுபோகும் கல்லை மண்ணெண்ணெய்க் கிண்ணத்தில் முக்கிப் பார்ப்பார். நல்ல கல் என்றால் எண்ணெய்க்குள் பாதி காணாமல் போய்விடும், விரிசல் இருந்தால் உள்ளே வெள்ளி நூல் மாதிரி மின்னும். பத்துக் கல்லில் ஒன்பதைத் திருப்பித் தருவார்.

"இரும்பு படக்கூடாது கேட்டோ. ஒரு தட்டு தட்டினா போதும், கண்ணுக்குத் தெரியாம உள்ள கீறிப்போவும்" என்பார். அதனால் மரக்குச்சியும் நகமும்தான் எனக்கு ஆயுதம்.

ஆள் வராத ஒரு தென்னந்தோப்பில் குழி வெட்டியிருந்தோம். ஒரு ஆள் இறங்குகிற அகலம், மூன்று ஆள் ஆழம், அடியில் பக்கவாட்டில் படுத்து நுழைகிற ஒரு துளை. வெள்ளைக் களிமண், கால் வைக்கப் படி வெட்டினால் பொத்துக்கொண்டு விழும், கயிறு இல்லாமல் ஏற முடியாது. மேலே கயிறு பிடிப்பது பக்கத்து வீட்டுத் தங்கப்பண்ணன். அனுமதி கிடையாது. வைடூரியம் தோண்டுகிறவர்களைப் போலீஸ் தேடித் திரிந்த காலம் அது, நாங்கள் தோண்டுவது வெள்ளாரங்கல் என்றால் யார் நம்புவார்கள். தோப்புப் பக்கம் ஆள் வந்தால் அண்ணன் ஒரு மண்கட்டியைக் கீழே போடுவார். நான் விளக்கை அணைத்துவிட்டு மூச்சுக் காட்டாமல் இருக்க வேண்டும். அவர் கயிற்றைச் சுருட்டி, குழி வாயில் பலகை போட்டு, மேலே ஓலையைப் பரப்பி, பீடி பற்றவைத்து உட்கார்ந்துவிடுவார். ஆள் போனதும் திறந்து கயிறு விடுவார், நான் இடுப்பில் கட்டி மூன்று தடவை ஆட்டினால் இழுப்பார்.

ஒரு நாள் காலையில் அந்தத் துளைக்குள் முழங்கை நீளத்துக்கு ஒரு கல் கண்டேன். விளக்கைக் காட்டினால் இந்தப் பக்கத்து வெளிச்சம் அந்தப் பக்கம் அப்படியே போகிறது. சார் திருப்பித் தர முடியாத கல். குச்சியால் சுற்றிலும் மண்ணை இளக்கிக்கொண்டிருந்தபோது மண்கட்டி விழுந்தது. விளக்கை ஊதி அணைத்தேன். பலகை விழுந்தது. இருட்டுக்குள்ளேயே நகத்தால் சுரண்டிக்கொண்டு கிடந்தேன்.

கொஞ்ச நேரத்தில் என் கால்பக்கம் வெளிச்சம் வந்தது, பலகையை எடுத்துவிட்டார் என்று தெரிந்தது. கயிறு விழும் சத்தமும் கேட்டது. துளையிலிருந்து பின்னோக்கித்தான் ஊர்ந்து வர முடியும், அதற்கு நேரம் பிடிக்கும். நான் வெளியே வந்து நிமிர்ந்தபோது கயிறு மேலே போய்க்கொண்டிருந்தது. சும்மா போகவில்லை, பாரத்தோடு விறைத்துப் போனது. அண்ணாந்து பார்த்தேன். வெள்ளைக் களிமண் அப்பிய இரண்டு உள்ளங்கால்கள் வாயைத் தாண்டி ஏறி மறைந்தன.

"கல்லு ஒண்ணும் கிட்டல்லியா? செரி விடு மக்கா, நாளைக்குப் பாக்கலாம்" என்று அண்ணனின் குரல் கேட்டது. பலகை திரும்ப விழுந்தது.

கத்தியிருக்கலாமே என்பீர்கள். கத்தினேன். பிறந்தது முதல் கத்திப் பழகாத தொண்டை, ஆட்டுக்குட்டி மாதிரி ஏதோ வந்தது. இரண்டாவது தடவை கொஞ்சம் பலமாக வந்தபோது ஓலையும் பரப்பியாகிவிட்டது.

தீப்பெட்டி மேலே அண்ணனிடம், பீடிக்காக. ஏறிப் பார்த்தேன், கையளவு ஏறினால் மண் சரிந்து முழங்கால் வரை மூடியது, அதோடு நிறுத்திவிட்டேன். கண் திறந்திருக்கிறதா மூடியிருக்கிறதா என்றே தெரியவில்லை. வெள்ளாரங்கல் துண்டு இரண்டை இருட்டில் உரசினால் கல்லுக்குள்ளே ஒரு வெளிச்சம் வரும், சாம்பலுக்கு அடியில் கனல் தெரிகிற மாதிரி. கருகிய வாசனையும் வரும். அப்படி உரசி உரசி என் விரல்களைப் பார்த்துக்கொண்டேன்.

சாவைவிட ஒன்றுதான் என்னை அழுத்தியது. ஆறு வருஷத்துக்கு முன் எங்களுக்கு ஒரு பெண்குழந்தை செத்துப் பிறந்தது. ரெத்தினம் ஆஸ்பத்திரியில் நினைவில்லாமல் கிடந்தாள். துணியில் சுற்றித் தந்ததை நான் தனியாக எடுத்துப்போய் அடக்கினேன், துணியை விலக்கி முகம் பார்க்கத் தைரியம் வரவில்லை. எங்கே என்று அவள் ஒரு தடவை கேட்டாள். நான் எழுந்து வெளியே போய்விட்டேன். பிறகு அவள் கேட்கவே இல்லை, எங்களுக்குள் பேச்சும் சோறு, குழம்பு என்ற அளவில் நின்றுவிட்டது. நான் இந்தக் குழிக்குள் போய்விட்டால் அந்த இடம் யாருக்கும் தெரியாமல் போய்விடும். கல்லை உரசிக்கொண்டே வாய்விட்டுச் சொன்னேன், குன்னத்துகாலில், பழைய வீட்டு நிலத்தில், என் அம்மையைப் புதைத்ததற்கு வடக்கே, என் தோளில் கிடந்த துவர்த்தில் பொதிந்து வைத்தேன் என்று. எத்தனை தடவை சொன்னேன் என்று தெரியாது. மூச்சு சுருங்கி வந்தது, அப்படியே சாய்ந்துவிட்டேன்.

வெயில் தாழ்ந்த நேரத்தில், அடுப்பெரிக்க ஓலை பொறுக்க வந்த ஒரு அக்கா எங்கள் ஓலையைத் தூக்கியிருக்கிறாள். அந்தச் சத்தத்தில் விழித்து நான் கல்லால் கல்லைத் தட்டினேன்.

"உள்ள ஆராக்கும்?" என்றாள்.

"நான்தான்" என்றேன்.

ஆள் கூட்டி வந்து தூக்கினார்கள். நேராகத் தங்கப்பண்ணன் வீட்டுக்குப் போனேன். அவர் தேங்காய் உரித்துக்கொண்டிருந்தார்.

"எலே, இன்னும் குளிக்கல்லியா நீ?" என்றார்.

"என்னைய எதுக்கு அண்ணா உள்ள வச்சு மூடினீங்க?"

அவர் சிரித்தார். "வெயில் தலைக்குப் பிடிச்சிட்டுதா? மத்தியானம் ஒன்ன இழுத்து ஏத்தினது நானாக்கும். இப்பவும் தோள் வலி உண்டு. பீடி நீட்டினேன், வேண்டாம்னு தலைய ஆட்டினே."

"நான் ஏதாவது பேசினேனா?"

"நீ என்னைக்குப் பேசியிருக்கே?" என்றவர், ஓலை பொறுக்கிய அக்கா பின்னால் வந்து நடந்ததைச் சொன்னதும் கையிலிருந்த தேங்காயைக் கீழே வைத்தார். அதன்பிறகு அவர் கயிறு பிடிக்கவில்லை. மறுநாளே குழியை மூடிவிட்டோம், அந்தக் கல் உள்ளேதான் இருக்கிறது. சார் இரண்டு மூன்று தடவை வந்து கேட்டுப்போனார்.

அன்றைக்கு வீட்டுக்குப் போனபோது ரெத்தினம் வாசலில் இருந்தாள். அழுத முகம், ஆனால் ஆறு வருஷமாக நான் காணாத ஒரு தெளிவு. "பேசிட்டு இருந்துட்டு எங்க எழும்பிப் போனீங்க? கப்பையும் மீனும் வச்சிருக்கேன், வாங்க" என்றாள். நான் மத்தியானம் வந்தேனாம். அவள் பக்கத்தில் உட்கார்ந்தேனாம். அவ்வளவு நேரம் நான் பேசி அவள் பார்த்ததே இல்லையாம். குன்னத்துகால், அம்மைக்கு வடக்கே, துவர்த்து, எல்லாம் சொன்னேனாம்.

அது நான் இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அவள் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டேன், இன்றுவரை சொல்லவில்லை. மறுவாரம் அவளை அங்கே கூட்டிப்போனேன், அன்றிரவு அவள் நன்றாக உறங்கினாள்.

அதுவரைக்கும்கூட நான் எப்படியோ பொறுத்துக்கொள்வேன். ஆனால் அந்த மத்தியானம் அவளிடம் இன்னொன்றும் சொல்லப்பட்டிருக்கிறது. நான் முகம் பார்க்காத பிள்ளைக்கு நெற்றியில் சுருள்முடி இருந்ததாம், காதுக்குப் பின்னால் ஒரு மச்சம் இருந்ததாம்.

இப்போதும் சில சமயம் பாத்திரம் கழுவிக்கொண்டே கேட்பாள், "எந்தக் காதுன்னு சொன்னீங்க? மறந்து போச்சு."

"இடது காது" என்று சொல்கிறேன்.